மகளின் பங்கு

1919ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், வாக்குரிமையை யார் யாருக்கு வழங்கலாம் என்று ஆராயும்பொருட்டு சவுத்பரோ பிரபுவின் தலைமையில் அமைந்த குழு பம்பாயில் அமர்ந்தது. அதன்முன் சான்றுரைத்தவர்களுள் ஒருவர் இருபத்தேழு வயது இளைஞர். சைடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர். நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். எழுத்து வடிவிலான அறிக்கையொன்றையும் அவர் அக்குழுவிடம் அளித்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் வாக்குரிமைக்காகவும் பிரதிநிதித்துவத்துக்காகவும் எழுந்த அக்குரல் அண்ணல் அம்பேத்கருடையது. அவருடைய நெடிய பொதுவாழ்வின் முதற்படிகளுள் ஒன்று இவ்வாறு ஒரு குழுவின் மேசை முன் அமைந்தது.

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் படைநகரில் பிறந்தார். பள்ளியில் அவர் பட்ட இழிவுகளும், அவற்றை மீறி அவர் பெற்ற பட்டங்களும், மகத் நகரின் குளத்து நீருக்காக அவர் நடத்திய போராட்டமும் பலரும் அறிந்தவை. மேடையில் முழங்கிய அம்பேத்கரை நாடு நன்கறியும். சட்டமன்றக் குழுவின் அறையில், ஒரு சொல்லை அடித்து மறுசொல்லை எழுதி, காற்புள்ளிக்கும் பொருள் தேடிய அம்பேத்கரை அறிந்தோர் சிலரே. நாட்டின் பெண்களுக்கு அவர் செய்த பெரும்பணி அந்த அறையில்தான் உருவாயிற்று.

குழு என்னும் பட்டறை

1927இல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே ஒரு சட்டமுன்வரைவை அவையில் கொண்டுவந்தார். ஊர்ப்பணிக்கெனத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டிருந்த மகர் மக்களை, ‘வதன்’ எனப்படும் அந்த முறையிலிருந்து விடுவிப்பது அதன் நோக்கம். சிறு துண்டு நிலமும் ஊரார் அளக்கும் தானியமுமே ஊதியமாக, எந்நேரமும் எந்த அலுவலர் ஏவினாலும் ஓடவேண்டிய ஊழியம் அது. முன்வரைவு தேர்வுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் சட்டமாகவில்லை, 1929இல் அதை அம்பேத்கரே திரும்பப் பெற்றுக்கொண்டார். குழுவறைக்குள் நுழைந்த முன்வரைவெல்லாம் சட்டமாகி வெளிவருவதில்லை என்பதைச் சட்டமன்ற வாழ்வின் தொடக்கத்திலேயே அவர் கண்டார்.

தேர்வுக் குழு என்பது யாது? பேரவையில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரு முன்வரைவின் ஒவ்வொரு சொல்லையும் சீர்தூக்குதல் அரிது. ஆகவே, முன்வரைவு அறிமுகமானபின், அதன் அடிப்படைக் கொள்கையை அவை ஏற்று, உறுப்பினர் சிலரைத் தெரிந்து அவர்களிடம் அதை ஒப்படைக்கிறது. அக்குழுவில் ஆதரிப்போரும் ஐயுறுவோரும் இடம்பெறுவர். கூட்டங்கள் மூடிய அறையில் நடைபெறும். வேண்டுமாயின் வல்லுநரையும் பொதுமக்களையும் அழைத்துச் சான்றுரை கேட்கலாம். அதன்பின் பிரிவு பிரிவாக ஆய்வு. கொள்கையை அவை ஏற்றுவிட்டமையால், அதைக் குழு புறந்தள்ள இயலாது. ஆனால் அதன் உருவத்தை மாற்றலாம், விடுபட்டதைச் சேர்க்கலாம், மிகையை நீக்கலாம். முடிவில் அறிக்கையோடு திருத்திய முன்வரைவும் அச்சாகும். குழு புதிதாய்ச் சேர்த்த சொற்களுக்குக் கீழோ பக்கவாட்டிலோ கோடிட்டிருக்கும். நீக்கிய இடங்களில் உடுக்குறி நிற்கும். பெரும்பான்மை முடிவை ஏற்காத உறுப்பினர் தம் மாற்றுக் கருத்தை எழுதித் தரலாம். அதுவும் அறிக்கையின் பின்னிணைப்பாக அச்சேறும். தோற்றவரின் சொல்லையும் அழியாமல் காப்பது இந்நடைமுறையின் நேர்மை.

இலண்டனிலும் இப்பணியின் வேறொரு முகத்தை அம்பேத்கர் கண்டார். வட்டமேசை மாநாடுகளுக்குப்பின் 1933இல், இந்தியாவுக்கான புதிய அரசியலமைப்புத் திட்டத்தை ஆராய பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் இணைந்து ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. அதன் தலைவர் லின்லித்கோ பிரபு. குழுவோடு அமர்ந்து சான்றுரைப்போரை வினவ அழைக்கப்பட்ட இந்தியப் பிரதிநிதிகளுள் அம்பேத்கரும் ஒருவர். வினவும் உரிமை இருந்தது. வாக்களிக்கும் உரிமை இல்லை. அக்குழுவின் அறிக்கையை அடியொற்றியே 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் எழுந்தது.

சிதறிக் கிடந்த சட்டம்

இந்துக்களின் குடும்பச் சட்டம் அக்காலத்தில் ஒரே நூலாக இல்லை. பழைய நீதிநூல்கள், அவற்றுக்கு வெவ்வேறு காலத்தில் எழுந்த உரைகள், வட்டார வழக்கங்கள், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்குகளின் தீர்ப்புகள் என அது சிதறிக் கிடந்தது. நாட்டின் பெரும்பகுதியில் மிதாட்சர முறையும், வங்காளத்தில் தாயபாக முறையும் நிலவின. மிதாட்சர முறையில் மகன் பிறந்த கணத்திலேயே குடும்பச் சொத்தில் பங்காளியானான். மகளுக்கு அப்பங்கு இல்லை. கணவனை இழந்தவளுக்குச் சொத்து வந்தாலும் அது ஆயுள்கால அனுபவம் மட்டுமே. விற்கும் உரிமை பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அவளுக்குப்பின் அது கணவனின் உறவினரையே சேரும். ஆண் எத்தனை பெண்களை மணப்பினும் பொதுவான தடை ஏதும் இல்லை. மணமுறிவுக்குப் பெண்ணுக்குச் சட்டவழி கிடைப்பது அரிது.

1937இல் கைம்பெண்களின் சொத்துரிமைக்கென ஒரு சட்டம் வந்தது. ஒட்டுப்போட்ட துணியைப்போல அது வேறிடங்களில் கிழிசலை உண்டாக்கியது. எனவே 1941இல், பெனகல் நரசிங்க ராவ் தலைமையில் நால்வர் கொண்ட குழுவை அரசு அமைத்தது. துண்டு துண்டாகத் திருத்துவதைவிட முழுமையான தொகுப்புச் சட்டமே தேவை என்பது அக்குழுவின் துணிபு. 1944இல் குழு மீண்டும் உயிர்பெற்றபோது, சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் டி.ஆர்.வெங்கடராம சாஸ்திரியும் அதில் உறுப்பினரானார். வரைவுத் தொகுப்பு அச்சாகி, இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டு மக்கள்முன் வைக்கப்பட்டது. 1945இல் குழுவினர் பம்பாய், புனே, தில்லி, அலகாபாத், பாட்னா, கல்கத்தா, சென்னை, நாகபுரி, லாகூர் எனப் பயணம் செய்து சான்றுரை கேட்டனர். சில நகரங்களில் கருப்புக்கொடி காட்டப்பட்டது. மகளிர் அமைப்புகள் முன்வந்து தம் துயரங்களை எடுத்துரைத்தன. குழு உறுப்பினருள் ஒருவரான துவாரகாநாத் மித்தர் மாறுபட்டார். அவருடைய மாற்றுக் கருத்தும் 1947ஆம் ஆண்டு அறிக்கையோடு சேர்ந்தே வெளிவந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில், இடைக்கால அரசின் சட்ட உறுப்பினரான ஜோகேந்திரநாத் மண்டல் தொகுப்புச் சட்ட முன்வரைவை மத்திய சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தார். நாட்டு விடுதலை வந்தது, பிரிவினை வந்தது, மண்டல் பாகிஸ்தான் சென்றார். கிடப்பிலிருந்த முன்வரைவு, விடுதலை இந்தியாவின் முதற் சட்ட அமைச்சரான அம்பேத்கரின் கைக்கு வந்தது.

இரண்டு மேசைகள்

அப்போது அவர் தோள்மேல் மற்றொரு பெருஞ்சுமையும் இருந்தது. 1947 ஆகஸ்ட் 29இல் அரசியலமைப்பு அவை எழுவர் கொண்ட வரைவுக் குழுவை அமைத்தது. மறுநாள் கூடிய உறுப்பினர் அம்பேத்கரைத் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். அக்குழு 141 நாள்கள் அமர்ந்தது. பெயருக்கு எழுவரேயன்றி, உழைப்புக்கு எழுவரும் கிட்டவில்லை. ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அயல்நாட்டில் இருந்தார், வேறு சிலரைப் பிற பணிகள் ஈர்த்துக்கொண்டன. இறுதியில் பாரம் அம்பேத்கர் ஒருவரையே சார்ந்தது என்பதை, அக்குழுவில் பின்னர்ச் சேர்ந்த தமிழரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி அவையிலேயே எடுத்துரைத்தார். 1948 பிப்ரவரியில் வெளியான வரைவு எட்டுத் திங்கள் மக்களின் பார்வையில் இருந்தது. பின்னர் அவையில் அறிவிக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றுள் 2,473 விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

இத்தனைக்கும் இடையில், 1948 ஏப்ரல் 9ஆம் நாள், இந்துச் சட்டத் தொகுப்பு முன்வரைவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானத்தை அம்பேத்கர் அவையில் முன்மொழிந்தார். சட்டமியற்றும் மன்றமாகவும் அப்போது அரசியலமைப்பு அவையே செயற்பட்டது. நீரிழிவும் கால்வலியும் அவரை வருத்திய காலம் அது. ஆறு நாள் கழித்து, மருத்துவரான சவிதா அம்மையாரை அவர் மணந்தார். அத்திருமணத்துக்குப்பின் ஓய்வு கிடைத்திருக்கும் என எண்ணத் தோன்றும். கிடைத்ததோ தேர்வுக் குழுவின் தலைமை.

குழுவில் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் உறுப்பினரும் சட்ட மேதையுமான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இருந்தார். துர்காபாய், ரேணுகா ராய், அம்மு சுவாமிநாதன் ஆகிய மகளிர் இருந்தனர். பெண்களின் சொத்துரிமையைப் பெண்களே உடனிருந்து ஆராய்ந்த அமர்வுகள் இவை. அந்நாளில் இது சிறிய செய்தியன்று. சட்ட அமைச்சகம், முன்வரைவின் பிரிவுகளை நிரல்படுத்தி மறுவரைவு ஒன்றை எழுதிக் குழுவின்முன் வைத்தது. குழு அதை மேற்கொண்டு ஆராய்ந்து, 1948 ஆகஸ்ட் 12இல் அறிக்கை அளித்தது.

அறைக்குள் சென்றது ஒன்று; வெளிவந்தது மற்றொன்று. ராவ் குழுவின் முன்வரைவில், தந்தையின் சொத்தில் மகனுக்கு உரியதில் பாதியே மகளுக்குப் பங்கு. மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவே என்று தேர்வுக் குழு திருத்தியது. எத்தனையோ மாநாடுகள் கேட்டும் கிட்டாத சமன், அச்சிட்ட தாளில் ஒரு திருத்தமாக எழுந்து நின்றது. பெண் பெறும் சொத்து ஆயுள்கால அனுபவமாக இராமல் அவளுக்கே முழுவுரிமை உடையதாதல், ஒருவனுக்கு ஒருத்தி என்னும் மணமுறை, உரிய காரணங்களின்மேல் மணமுறிவு ஆகியவையும் முன்வரைவில் உறுதியாக இடம்பெற்றன. இசையாதவர்கள் தம் மாற்றுக் கருத்துகளை எழுதி இணைத்தனர்.

அறையிலிருந்து அவைக்கு

முன்வரைவு அவைக்குத் திரும்பியதும் எழுந்த முதல் எதிர்ப்பு நடைமுறை பற்றியதாகவே இருந்தது. நசிருதீன் அகமது என்னும் உறுப்பினர், அவை அனுப்பியது ஒரு முன்வரைவு, குழு ஆராய்ந்ததோ அமைச்சகத்தின் வேறொரு வரைவு என்று ஆட்சேபித்தார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. குழுவுக்கு எவ்வளவு மாற்ற உரிமை உண்டு என்பது எக்காலத்துக்கும் உரிய வினா. எனினும் அவ்வாட்சேபம் முன்வரைவைத் தடுக்கவில்லை.

1949 பிப்ரவரி 24இல், குழுவின் அறிக்கையை ஆய்வுக்கு எடுக்கும் தீர்மானத்தை அம்பேத்கர் முன்மொழிந்தார். பழைய சட்டத்தில் எவை மாறுகின்றன, ஏன் மாறுகின்றன என்பதை ஆசிரியரைப்போல அவர் விளக்கினார். சமயத்துக்கு ஆபத்து என்றனர் சிலர். குடும்பச் சொத்து சிதறும் என்றனர் சிலர். நேரடித் தேர்தலில் மக்கள் தெரிந்தெடுக்காத அவைக்கு இத்தகைய சட்டம் செய்யும் தகுதி உண்டா என்றனர் வேறு சிலர். தென்னாட்டிலிருந்து வந்த குரல் வேறுவகையானது. மருமக்கள்தாய முறையிலும் அளியசந்தான முறையிலும் பெண்வழியே சொத்து இறங்குவதால், புதுச் சட்டம் தம் பெண்களின் உரிமையைக் குறைத்துவிடக்கூடும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சத்தின் நியாயத்தை அம்பேத்கர் ஒப்புக்கொண்டு, அம்முறைகளுக்கெனத் தனி ஏற்பாடு செய்ய இசைந்தார். இரண்டாம் மணத்தைத் தடுக்கும் சட்டத்தைப் பம்பாய் மாகாணம் 1946இலேயே இயற்றியிருந்தது. சென்னை மாகாணமும் 1949இல் அத்தகைய சட்டத்தை இயற்றி, மணமுறிவுக்கும் வழிசெய்தது. மாகாணங்கள் முன்னே நடந்தன. நடுவண் அவையோ தயங்கி நின்றது.

ஆய்வுக்கு எடுக்கும் தீர்மானம் நிறைவேறவே 1949 டிசம்பர் 19 ஆகிவிட்டது. அதற்கு முன்பே, நவம்பர் 26இல், நாட்டின் அரசியலமைப்பு முழுதும் ஏற்கப்பட்டுவிட்டது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தை முடித்த அவையால், ஒரு வீட்டின் பாகப்பிரிவினையைத் தொடவும் இயலவில்லை. அவைக்கு வெளியே எதிர்ப்புக் கூட்டங்கள் பெருகின. ஆளுங்கட்சிக்குள்ளும் ஒருமனம் இல்லை. குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தும் இம்முன்வரைவை ஏற்கவில்லை. பிரதமர் நேரு ஆதரித்தார். ஆயினும் பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது.

1951 ஆகஸ்டில் அம்பேத்கர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். உடல்நிலை தளர்கிறது, மருத்துவரிடம் தம்மை ஒப்படைக்குமுன் இம்முன்வரைவை முடித்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். செப்டம்பர் 17இல் விவாதம் தொடங்கியது. முழுத் தொகுப்பும் இயலாது என்று, திருமணமும் மணமுறிவும் பற்றிய பகுதி மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. மகளின் பங்கு பேச்சுக்கே வரவில்லை. நான்கு பிரிவுகள் நிறைவேறிய நிலையில், நேரமில்லை என்று அதுவும் கைவிடப்பட்டது.

செப்டம்பர் 27இல் அம்பேத்கர் பதவி விலகல் கடிதத்தை அளித்தார். அக்டோபர் 11இல் தம் விலகலுக்கான விளக்கத்தை அவையில் உரைக்க எழுந்தார். உரையின் படியை முன்னதாகத் தரவேண்டும் என்பது பற்றியும் நேரம் பற்றியும் தடை எழவே, அவையை விட்டு வெளியேறி, அவ்வுரையை இதழாளர்களிடம் அளித்தார். விலகலுக்கு அவர் காட்டிய காரணங்கள் பல. இந்துச் சட்டத் தொகுப்புக்கு நேர்ந்த கதி அவற்றுள் ஒன்று.

எஞ்சிய தாள்கள்

1952 தேர்தலில் வடக்கு பம்பாய்த் தொகுதியில் அம்பேத்கர் தோற்றார். மாநிலங்களவை உறுப்பினராகி மீண்டும் நாடாளுமன்றத்துக்குள் வந்தார். அவர் விட்டுச்சென்ற தேர்வுக் குழு அறிக்கை ஆவணமாக அங்கேயே இருந்தது. அரசு அத்தொகுப்பை நான்காகப் பிரித்துத் தனித்தனி முன்வரைவுகளாகக் கொண்டுவந்தது. திருமண முன்வரைவும் வாரிசுரிமை முன்வரைவும் ஈரவைகளின் கூட்டுக் குழுக்களுக்குச் சென்றன. சட்ட அமைச்சகத்தின் பொறுப்பிலிருந்த அரி விநாயக் பட்டாஸ்கர் அவற்றை அவையில் நடத்திச்சென்றார். எதிர்ப்பு ஓய்ந்துவிடவில்லை. ஆனால் முன்பு கேட்ட வாதங்களே பெரிதும் மீண்டும் எழுந்தன. அவற்றுக்குரிய விடைகள் பழைய அறிக்கையிலும் விவாதப் பதிவுகளிலும் அச்சாகியே இருந்தன.

இந்து திருமணச் சட்டம் 1955 மே 18இல் நடைமுறைக்கு வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17இல் வந்தது. தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கு கிடைத்தது; பெண்ணின் சொத்து அவளுடைய முழுவுரிமையாயிற்று. எனினும் மிதாட்சரக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் பங்காளியுரிமை மகனிடமே நின்றது. அக்குறையை ஆந்திர மாநிலம் 1986இலும் தமிழ்நாடு 1989இலும் தத்தம் திருத்தங்களால் போக்கின. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இல் வந்தது.

1956 ஆகஸ்ட் 25இல் இளவர் காப்பாளர் பற்றிய சட்டம் வந்தது. நான்காவது மட்டும் எஞ்சியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில், உறக்கத்திலேயே அம்பேத்கர் மறைந்தார். தத்தெடுத்தல், பராமரிப்பு ஆகியவை பற்றிய அந்த நான்காம் சட்டம், அதன்பின் பதினைந்தாம் நாளான டிசம்பர் 21இல் ஒப்புதல் பெற்றது.